லோடு கட்டுறவர் சொன்னா விமானம் நிக்கணும்

2016 மே மாசம் ஆன்டனோவ் 225 நம்ம ஷம்ஷாபாத் ஏர்போர்ட்ல இறங்கினப்போ, கச்சிபௌலியில எங்க ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. ஆறு எஞ்சின், கிளம்பும்போது 640 டன் வரைக்கும் எடை. செக் நாட்டு ப்ராக்ல இருந்து ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்கு 117 டன் ஜெனரேட்டரைக் கொண்டுபோற வழியில இங்க ஒரு ஸ்டாப். (பாவம், 2022 உக்ரைன் போர்ல ஹோஸ்டோமெல் விமான நிலையத்துலயே அந்த ராட்சசன் அழிஞ்சு போச்சு.) எல்லாரும் கேட்டது, "இவ்ளோ வெயிட்டை எப்படிங்க தூக்குது?" எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம், தூக்கினதை எப்படி அசையாம வெச்சிருக்காங்கங்கறதுதான்.

ஊர் மாறி வந்த நமக்கெல்லாம் இது கொஞ்சம் புரியும். வீட்டுச் சாமான் லாரியில பீரோவைச் சரியாக் கட்டலைன்னா கண்ணாடி உடையும், அவ்வளவுதான். விமானத்துல கதை வேற.

2013 ஏப்ரல் 29. ஆப்கானிஸ்தானின் பாக்ராம்ல இருந்து துபாய்க்குக் கிளம்பின நேஷனல் ஏர்லைன்ஸ் சரக்கு விமானம், போயிங் 747. உள்ள ஐந்து ராணுவக் கவச வண்டிகள்: இரண்டு 12 டன், மூன்று 18 டன். ஓடுபாதையை விட்டு எழும்பினதுமே கடைசி வண்டி கட்டவிழ்ந்து பின்னாடி உருண்டுச்சு. மூக்கு மேலே தூக்கி, விமானம் அப்படியே விழுந்தது. உள்ள இருந்த ஏழு பேரும் போயிட்டாங்க.

அந்த வீடியோவைப் பார்த்த பலபேர், "வெயிட் பின்னாடி போச்சு, அதான் விழுந்துச்சு"ன்னு சொல்றாங்க. அமெரிக்காவின் தேசிய போக்குவரத்து பாதுகாப்பு வாரியம் 2015-ல கண்டது வேற. எடை நகர்ந்ததை மட்டும்னா விமானிகள் சமாளிச்சிருக்கலாம். ஆனா வண்டி பின்சுவரை இடிச்சு, இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளை அறுத்து, வால் இறக்கையைத் திருப்புற ஸ்க்ரூவையும் உடைச்சிருச்சு. அதுக்கப்புறம் யார் கையில ஸ்டியரிங் இருந்தும் பிரயோஜனமில்லை.

ஸ்ட்ராப் போடாம இல்லீங்க. 12 டன் வண்டிக்கு 24, 18 டன் வண்டிக்கு 26. போதலை. எண்ணிக்கை மட்டும் இல்ல, கோணமும் முக்கியம். தரையோட 60 டிகிரியில இழுத்துக் கட்டின ஸ்ட்ராப், வண்டி பின்னாடி நகர்றதைத் தன் பலத்துல பாதியாலதான் தடுக்கும். மேல எழும்பாம பிடிக்கும், ஓடாம பிடிக்காது. கம்பெனியோட கையேட்டுலயே கட்டுற முறை தப்பா இருந்துச்சுன்னு வாரியம் சொல்லுச்சு. கையேட்டை நம்பிக் கட்டினவரைக் குறை சொல்லி என்ன புண்ணியம்?

என்னை உறுத்துறது இன்னொண்ணு. பாக்ராம்ல நின்னிருந்தப்பவே ஒரு ஸ்ட்ராப் அறுந்திருந்ததும், முந்தின பயணத்துல லோடு நகர்ந்ததும் விமானிகளுக்குத் தெரியும். அதைப் பத்திப் பேசினது காக்பிட் பதிவுல இருக்கு. பேசிட்டுக் கிளம்பிட்டாங்க.

பைலட்டுக்கு லைசென்ஸ் இருக்கு, இத்தனை மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. லோடு கட்டுற லோட்மாஸ்டருக்கு அமெரிக்காவுல அன்னிக்கு இரண்டுமே இல்ல. சான்றிதழ் வேணும்னு வாரியம் பரிந்துரை செஞ்சுது. என்னைக் கேட்டா அது பாதிதான். "இது சரியில்ல, கிளம்பாதீங்க"ன்னு அவர் சொன்னா விமானம் நிக்கணும். லேட்டானதுக்கு அவர்மேல யாரும் பாயக்கூடாது. அந்த அதிகாரம் இல்லாம சான்றிதழைச் சுவத்துல மாட்டி வெச்சு என்ன பண்றது?

துபாய், தோஹா, சிங்கப்பூர் கார்கோ டெர்மினல்கள்ல நம்ம ஊர்ப் பசங்க எத்தனையோ பேர் ராத்திரி ஷிப்ட் பாக்கறாங்க. அடுத்த தடவை போன்ல பேசும்போது சம்பளம், லீவு எல்லாம் கேட்டுட்டு, இதையும் கேளுங்க: "கட்டு சரியில்லன்னு உனக்குப் பட்டா, யார்கிட்ட சொல்லுவே? அவர் கேப்பாரா?"