மறைக்கப்படும் மரணச் செய்தி

2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் நடந்த மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினின் ஒரே கோலை அடித்து வெற்றி தேடித் தந்தவர் ஓல்கா கார்மோனா. அவருடைய தந்தை அதற்கு முன்பே காலமாகியிருந்தார். ஆட்டம் முடிந்த பிறகே அந்தச் செய்தி அவருக்குச் சொல்லப்பட்டது.

நமக்கும் இது புதிதல்ல. 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடரோட்ட அணிக்குத் தேர்வான திருச்சி மாவட்டத்து தனலட்சுமி, நாடு திரும்பிய பிறகே தன் சகோதரி இறந்ததை அறிந்து விமான நிலையத்தில் கதறி அழுதார்.

இத்தகைய மௌனத்துக்குக் காரணம் அன்புதான்; பல ஆண்டு உழைப்பு ஒரே நாளில் வீணாகிவிடக் கூடாதே என்ற கவலைதான். ஆனால், கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கும் வாய்ப்பை எந்தப் பதக்கமும் மீட்டுத் தராது. துக்கம் தாங்கமாட்டார்கள் என்று நாமே முடிவுகட்டுவதும் சரியல்ல. 2019 ஜூனில் ஹிரோஷிமாவில் தந்தையின் மறைவை அறிந்தே, அணியுடன் தங்கி விளையாடுவதென முடிவெடுத்தார் மிஸோரம் ஹாக்கி வீராங்கனை லால்ரெம்சியாமி. இந்தியா அத்தொடரை வென்றது.

தங்குவதா, திரும்புவதா என்பது உரியவரின் முடிவு. துயரச் செய்தி வந்தால் உடனே சொல்ல வேண்டுமா என்பதை, அணி புறப்படும் முன்பே விளையாட்டுச் சங்கங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வைக்கலாம். திரும்ப விரும்புவோருக்குப் பயண ஏற்பாடும், அணியில் இடம் பறிபோகாது என்ற உறுதியும் வேண்டும். தருமபுரி போன்ற மாவட்டங்களின் எளிய குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இவ்வுறுதி மிக அவசியம்.