டுபாயில் வாழ்ந்த பெனாசிர் அம்மையார்



புகழ்பெற்ற தலைவர் ஒருவரை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எம்மில் பலருக்கு உண்டு. வளைகுடாவில் நமக்கு முன்னரே குடியேறிய எமது பெண்கள் சிலருக்கு அந்த ஆசை பெனாசிர் பூட்டோ அம்மையார் மேல் இருந்தது. 1999 முதல் 2007 வரை அவர் பெரும்பாலும் டுபாயில்தான் வாழ்ந்தார். எங்காவது ஒருநாள் எதிர்ப்படுவார் என்று நாமும் எண்ணியிருந்தோம். அது கைகூடவில்லை. ஆனாலும் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல எம்மிடம் ஒரு செய்தி உண்டு.

1979இல் அவருடைய தந்தையார் சுல்பிகார் அலி பூட்டோ தூக்கிலிடப்பட்டார். மகள் வீட்டுக்காவலிலும் சிறையிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தார். 1988 டிசெம்பரில், 35ஆவது வயதில், பாகிஸ்தானின் பிரதமரானார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடொன்றில் தேர்தல் மூலம் ஆட்சித் தலைமைக்கு வந்த முதற் பெண் அவரே. 1990இல் பதவியில் இருந்தபடியே ஒரு பெண் குழந்தையையும் பெற்றார்.

பெண் ஆண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. 1960இல் உலகின் முதற் பெண் பிரதமராகப் பதவியேற்ற சிறீமாவோ அம்மையாரின் ஆட்சியில் தமிழர் பட்டதை நாம் அறிவோம். பெனாசிரின் ஆட்சியிலும் குறைகள் இருந்தன. பெண்களுக்கென வங்கியும் பொலிஸ் நிலையமும் திறந்தவரால், பெண்களை வாட்டிய 1979ஆம் ஆண்டுச் சட்டங்களை நீக்க முடியவில்லை. ஊழல் குற்றச்சாட்டுகளின் பேரில் 1990இலும் 1996இலும் அவருடைய அரசு கலைக்கப்பட்டது. அவர் அவற்றை மறுத்தார்.

எமது மனதைத் தொட்டது அவருடைய டுபாய் வாழ்க்கைதான். அவர் இங்கு வந்தபோது கணவர் பாகிஸ்தானில் சிறையில் இருந்தார். 2004 வரை விடுதலையாகவில்லை. மூத்த பிள்ளைக்குப் பத்து வயது, கடைசிப் பிள்ளைக்கு ஆறு. தாயார் நுஸ்ரத் அம்மையார் நினைவு மங்கும் நோயாளி. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தாயாரின் பராமரிப்பு, ஊரிலிருந்து வரும் செய்தி என்று அவருடைய நாட்கள் கழிந்தன. கணவர் அருகில் இல்லாமல், பிள்ளைகளையும் தாயாரையும் ஒரு கையால் தாங்கும் பெண்கள் எமது குடும்பங்களிலும் எத்தனை பேர்! அவருக்குப் பணமும் செல்வாக்கும் இருந்தன. நமக்கோ வேலை போனால் விசாவும் போய்விடும். இந்த வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது.

2007 ஒக்டோபர் 18ஆம் திகதி அவர் கராச்சி திரும்பினார். கணவரும் பெண்பிள்ளைகளும் டுபாயில் தங்கினர். அன்றிரவே அவருடைய ஊர்வலத்தில் குண்டுகள் வெடித்து 130 பேருக்கு மேல் மாண்டனர். நவம்பர் முதலாம் திகதி குடும்பத்தைப் பார்க்க டுபாய் வந்தார். மூன்றாம் திகதி பாகிஸ்தானில் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டதும் அன்றே திரும்பிப் போனார். டிசெம்பர் 27ஆம் திகதி ராவல்பிண்டியில் கொல்லப்பட்டார். தாயார் 2011இல் டுபாயிலேயே காலமானார்.

"ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா?" இந்தக் கேள்வி எழாத அகதிக் குடும்பம் இல்லை. திரும்பிப் போனவரைப் போற்றுவோம். ஆனால் அவரைக் காட்டி, இருப்பவரைக் கோழை என்று யாரும் சொல்ல வேண்டாம். டுபாயில் பிள்ளைகளை வளர்த்த அந்த எட்டு ஆண்டுகளுக்கும் துணிவு வேண்டியிருந்தது. போவதும் இருப்பதும் அந்தந்தக் குடும்பம் கூடிப்பேசி முடிவு செய்ய வேண்டியவை.

தலைவர் ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பு உங்கள் பிள்ளைகளுக்கு வந்தால், படம் எடுப்பதோடு நிற்காமல் ஒரு கேள்வியும் கேட்கச் சொல்லுங்கள். பெனாசிர் அம்மையாரிடம் நாம் கேட்க நினைத்தது இதுதான்: "பிள்ளைகளிடம் விடைபெறும்போது என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள், அம்மா?"