ஓசூர் டைடல் பூங்காவில் நாற்காலி யாருக்கு?

2025ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் ஓசூருக்கு 5 லட்சம் சதுர அடியில் டைடல் பூங்கா அறிவிக்கப்பட்டதால், இனி வேலை தேடிப் பெங்களூருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை என்று தேன்கனிக்கோட்டைத் தோழர்கள் சந்தோஷப்படுகிறார்கள். சந்தோஷம்தான், நமக்கும் ஆட்சேபணையில்லை.

ஆனால் கட்டுவது சர்க்கார் ஸ்தாபனங்கள் சேர்ந்து நடத்தும் டைடல். குடியேறப் போவதோ தனி முதலாளிகளின் கம்பெனிகள். 2000இல் சென்னைத் தரமணியில் திறந்ததும் இப்படித்தான். 1928இல் முத்தையா முதலியார் அமுல்படுத்திய வகுப்புவாரி உத்தரவின் வழிவந்த 69 சதவிகிதம் அந்த வாசற்படியிலேயே நின்றுவிடுகிறதே! தளி, அஞ்செட்டிப் பிள்ளைகள் பட்டம் வாங்கிக்கொண்டு போனால், "தகுதி, திறமை" என்பார்கள். துடைப்பமும் காவற்காரன் தடியும் கொடுக்க மட்டும் எந்தத் தகுதியும் பார்க்க மாட்டார்கள். கம்பெனிகளுக்கு வாடகைப் பத்திரம் எழுதும்போதே, இத்தனை வேலை இன்னின்ன வகுப்பாருக்கு என்று ஒரு ஷரத்துச் சேர்க்கச் சர்க்காருக்கு என்ன தயக்கம்?