உரிமம் வெறும் காகிதமன்று

கல்லூரியில் நான் பணியாற்றிய நாள்களில் இரவுக் காவலர் ஒருவர் வந்து, இரு மாத ஊதியம் வரவில்லை, யாரிடம் முறையிடுவது எனக் கேட்டார். அவரை அமர்த்திய ஒப்பந்ததாரரின் முகவரிகூட அவருக்குத் தெரியாது. பொருளாதாரம் கற்பித்த எனக்கும் உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

விடை, 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்தது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களை ஈடுபடுத்தும் நிறுவனம் பதிவு செய்ய வேண்டும். அத்தனை பேரை அமர்த்தும் ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டும். அவர் ஊதியம் தரத் தவறினால், முதன்மை வேலையளிப்பவரே கொடுத்துவிட்டுப் பின்னர் வசூலித்துக்கொள்ள வேண்டும்.

அச்சட்டமும் குறையற்றதன்று. உரிமமின்றி ஆள்களை அமர்த்தினால் அதிகபட்சம் மூன்று மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அந்த மீறலால் மட்டும் தொழிலாளி நிறுவனத்தின் நேரடிப் பணியாளராகிவிட மாட்டார் என 1991-இல் தீனா நாத் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், பொறுப்பாளி யார் என்பதற்கு அரசிடம் ஓர் ஆவணம் இருந்தது.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டம் இந்த வரம்பை 50 ஆக உயர்த்தியுள்ளது. ஓர் ஆலையில் நான்கு ஒப்பந்ததாரர்கள் தலா 40 பேரை மட்டும் அமர்த்தியிருப்பதாகக் கொள்வோம். தொழிலாளர்கள் 160 பேர். உரிமம் பெற வேண்டியவர் ஒருவருமில்லை. பழைய சட்டத்தில் நால்வருமே பெற்றிருக்க வேண்டும். 49-உடன் நிறுத்திக்கொள்வது இனி இலாபகரமான உத்தியாகிவிடும்.

சிறு ஒப்பந்ததாரர்களின் சுமை குறையும் என்பது அரசுத் தரப்பு வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், சுமை கட்டணத்திலும் அலைச்சலிலும் இருந்ததே தவிர, பெயரைப் பதிவதில் இல்லை. இணையவழிப் பதிவுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அமைப்புசார் ஆலைகளில் பத்துத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நால்வர் ஒப்பந்த முறையில் இருக்கும் காலத்தில் பதிவைச் சுருக்குவது பொருந்தாது.

தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் உள்ளது. பழைய சட்டத்தின் வரம்பை ராஜஸ்தான் 2014-இலேயே 50 ஆக உயர்த்தியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் ஒரு மாநிலம் வரம்பை உயர்த்த முடியுமெனில், தமிழ்நாடு அதைத் தாழ்த்தவும் முயலலாம். குறைந்தபட்சம், எண்ணிக்கை எதுவாயினும் ஒப்பந்ததாரரின் பெயரும் முகவரியும் பணியிட வாயிலில் எழுதப்பட வேண்டும்.

அந்தக் காவலர் கேட்டது சலுகையன்று. ஒரு பெயரும் முகவரியும் மட்டுமே.