வீட்டுக் கொட்டகையில் ஒரு பாய்த்தோணி

மரத்தோணி கட்டுவது பரம்பரைத் தச்சருக்கே கைவந்த வித்தை, பிறர் அதில் பிரவேசிப்பது வீண் பிரயாசை என்னும் அபிப்பிராயம் நம்மில் பலருக்கு உண்டு. அத்தச்சர்களிடத்து எனக்குள்ள மரியாதை அளவற்றது. ஆயினும் ஒருவரோ இருவரோ ஏறிச் செல்லத்தக்க சிறு பாய்த்தோணியைச் சாதாரண மனிதர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டி முடிக்கலாம் என்பது நூறாண்டுகளுக்கு முன்பே நிரூபணமான விஷயம்.

1865-ல் ஜான் மக்ரெகர் என்ற லண்டன் வழக்கறிஞர், 15 அடி நீளமுள்ள 'ராப் ராய்' என்னும் தோணியில், துடுப்பும் சிறு பாயும் துணையாக ஐரோப்பிய நதிகளிலும் ஏரிகளிலும் தன்னந்தனியே யாத்திரை செய்து, அந்த அனுபவத்தை நூலாகவும் எழுதி வெளியிட, தோணிப் பயணத்தில் மோகம் இங்கிலாந்தெங்கும் பரவி அமெரிக்காவையும் எட்டியது. அவருடைய தோணியைக் கட்டியவர்கள் தொழில்முறைப் படகுத் தச்சர்கள். ஆனால் இருபதே ஆண்டுகளில், 1885-ல், டபிள்யூ. பி. ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கர், பிழைப்புக்காக அன்றி விருப்பத்தால் படகு கட்டுவோருக்கென்றே விரிவானதொரு நூலை எழுதினார்.

இன்றோ காரியம் இன்னும் சுலபம். மெல்லிய ஒட்டுப்பலகையை வரைபடத்தின்படி அறுத்து, விளிம்புகளில் துளையிட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து முறுக்கினால், தட்டையாகக் கிடந்த பலகைகள் தாமே வளைந்து தோணியின் வடிவை அடைகின்றன; பிறகு மூட்டுகளில் எபாக்ஸிப் பசை பூசி, அதன்மேல் கண்ணாடி இழை நாடாவைப் பதித்து, இறுக விடவேண்டும். தையல் என்றதும் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகு என் நினைவுக்கு வருகிறது. துறைமுகம் ஏற்படுமுன் சென்னையில் பிரயாணிகளைக் கப்பலிலிருந்து அலைகளினூடே கரைசேர்த்த அப்படகின் பலகைகளும் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவையே. அங்கே தையல் நெகிழ்ந்து கொடுத்து அலையின் அடியைத் தாங்கியது, இங்கே பசை இறுகும்வரை பலகையைப் பிடித்து வைக்கிறது.

கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. தோணி ஒடுக்கமானதாகையால் பாய் சிறிதாகவும் தாழ்வாகவும் இருத்தல் அவசியம். காற்று பக்கவாட்டில் தள்ளாதிருக்க நீருக்குள் இறங்கும் ஒரு பலகையும் வேண்டும். ஒட்டுப்பலகை வாங்குவதில் மட்டும் சிக்கனம் பார்க்கலாகாது. கொதிநீரில் இட்டுச் சோதித்தால் பிரிந்து போகும் மலிவுச் சரக்கு உயிருக்கே ஆபத்து.

1960-களில் 'டெய்லி மிரர்' என்ற ஆங்கிலப் பத்திரிகை, இதே முறையில் வீட்டில் கட்டத்தக்க சிறு பாய்ப்படகொன்றைத் தன் பெயராலேயே ஆதரிக்க, அப்படகைப் பல்லாயிரம் குடும்பங்கள் கட்டின. நம் தமிழ்ப் பத்திரிகை ஒன்றும், பலகையின் கனம் முதல் பாயின் அளவு வரை தெளிந்த தமிழில் விளக்கும் வரைபடத்தை வெளியிட்டு, அதன்படி எழும் முதல் தோணியைப் பழவேற்காடு ஏரியில் மிதக்கவிட முன்வரவேண்டும்.