செத்த கை

மாம்பலத்தில் பனகல் பார்க் பக்கம் துணி வாங்கப் போகும் தோழர்களில் எத்தனை பேர் அந்தப் பனகல் ராஜா யாரென்று கேட்டிருப்பார்களோ நாம் அறியோம். மந்திரியாயிருந்து 1925-இல் இந்துமத அறநிலையச் சட்டம் கொண்டுவந்தவர் அவர். மதம் போச்சு, மதத்தில் சர்க்கார் கை வைக்கலாமா என்று வைதிகர்கள் போட்ட கூச்சல் கொஞ்சமல்ல. சட்டம் செல்லுமா என்ற சந்தேகம் கிளப்பப்பட்டு, 1927-இல் மறுபடியும் நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

இங்கிலீஷ் சட்டத்தைக் கரைத்துக் குடித்த வக்கீல்களுக்கு மயிலாப்பூரில் என்றைக்கும் பஞ்சமில்லை. அவர்கள் படித்த புத்தகத்திலேயே ஒரு வார்த்தை இருக்கிறது: மார்ட்மெயின். பழைய பிரெஞ்சு வார்த்தை. பச்சைத் தமிழில் சொன்னால் செத்த கை! யாருடைய கை? கோயிலுடைய கை, மடத்தினுடைய கை.

காரணம் கேளுங்கள். அங்கே நிலம் வைத்திருப்பவன் செத்தால் வாரிசு பிரபுவுக்குப் பணம் கட்டவேண்டும். வாரிசு மைனரானால் நிலம் பிரபுவின் பொறுப்பில் வரும். வாரிசே இல்லாவிட்டால் நிலமே பிரபுவுக்குத் திரும்பிவிடும். மடமோ சாகாது, அதற்குப் பிள்ளையுமில்லை, மைனருமில்லை. அதன் கையில் போன நிலம் பிணத்தின் பிடியில் போன மாதிரிதான். ஆகவே 1279-இல் முதலாம் எட்வர்டு ராஜா, மடங்களுக்கு நிலம் போவதைத் தடுத்துச் சட்டம் செய்தான். அவன் நாஸ்திகனா? சிலுவைக்காகக் கடல் கடந்து யுத்தத்துக்குப் போனவன்! வரும்படி போகிறதே என்ற கவலைதான் அவனுக்கு. ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள்.

நம் நாட்டிலோ அதற்கு வைத்த பெயர் தேவதானம். போதாக்குறைக்குச் “சிவன் சொத்து குல நாசம்” என்ற மிரட்டல் வேறு. அந்த மிரட்டல் குத்தகை பாக்கி வைத்த குடியானவனைத்தான் நடுங்க வைத்ததே தவிர, பரம்பரைத் தர்மகர்த்தாவின் தூக்கத்தைக் கெடுத்ததில்லை.

1817 முதல் கோயில் சொத்துக்களை ரெவினியூ போர்டாவது பார்த்துவந்தது. 1863-இல் வெள்ளைக்கார சர்க்கார் அதையும் கைகழுவித் தர்மகர்த்தாக்களிடமும் கமிட்டிகளிடமும் விட்டுவிட்டது. சாமியோ சட்டத்தின் கண்ணில் சொத்துள்ள ஓர் ஆள். ஆனால் மைனர் மாதிரி, தானாக ஒன்றும் செய்யமுடியாதவர். மைனர் சொத்தை ஆளுகிறவன் கணக்குக் காட்டவேண்டாமா? பனகல் ராஜா கேட்டது அந்தக் கணக்கைத்தான். பூசையை நிறுத்தச் சொல்லவில்லை.

இப்போதிருப்பது 1959-ஆம் வருஷத்துச் சட்டம். அதிலே குறையில்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. கோயிலைச் சர்க்காரிடமிருந்து விடுவித்துப் பக்தர்களிடம் கொடு என்கிறவர்களை ஒன்றே கேட்கிறோம்: எந்தப் பக்தர்களிடம்? 1947-இல் ஆலயப் பிரவேசச் சட்டம் வருகிற வரையில் பல கோயில்களில் வாசலிலேயே நிறுத்திவைக்கப்பட்டார்களே, அந்தப் பக்தர்களிடமா?