லைட் ஒரு தடவை சிமிட்டியதற்கா இவ்வளவு?

டிஸ்கி முதலிலேயே: நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். வங்கியில் கடன் கொடுப்பதும், கொடுத்ததைத் திரும்ப வாங்க அலைவதும்தான் பிழைப்பு. குஜராத் வாபிக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது.

எங்கள் கிளையில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் யூ.பி.எஸ். உண்டு. ஏ.டி.எம்.முக்குத் தனி. எர்த்திங் சரியா என்று ஆள் வந்து அளந்து கையெழுத்து வாங்கிப் போவார். அதே கிளையில் உட்கார்ந்து அறுபது லட்ச ரூபாய் இயந்திரத்துக்குக் கடன் கொடுக்கும்போது, "இதன் மூளைக்கு என்ன பாதுகாப்பு?" என்று நாங்கள் கேட்பதே இல்லை.

மூளை என்றால் பி.எல்.சி. பேனலுக்குள் இருக்கும் சின்னப் பெட்டி. எந்த வால்வு எப்போது திறக்கணும், எந்த மோட்டார் எப்போது நிற்கணும் என்று இயந்திரத்தை ஆட்டி வைப்பது அதுதான்.

நான் செய்த தப்பையும் சொல்லி விடுகிறேன். பிளாஸ்டிக் மோல்டிங் இயந்திரம் வாங்க ஒருவர் டேர்ம் லோன் கேட்டு வந்தார். கொட்டேஷனில் கடைசி வரி: ஆன்லைன் யூ.பி.எஸ்., ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர், சர்ஜ் பாதுகாப்பு, தனி எர்த் பிட். எல்லாம் சேர்த்து எண்பத்தைந்தாயிரம். "இது அத்தியாவசியம் இல்லை" என்று பேனாவால் அடித்தது நான்தான். மார்ஜின் கணக்கு அழகாக உட்கார்ந்தது!

முதல் மழைக்காலத்திலேயே கன்ட்ரோலர் கார்டு போனது. மாற்று கார்டு வர ஐந்து வாரம். ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. தவணை தவறி 90 நாள் தாண்டியதும் கணக்கு வாராக்கடன் ஆயிற்று. வசூலுக்கு நான் போன் செய்தபோது அவர் கோபப்படவில்லை. "சாஹேப், அந்தக் கடைசி வரி ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் படித்தேன், விசாரித்தேன். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்று 20 மில்லி செகண்ட். பி.எல்.சி.க்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 61131-2. ஏ.சி. சப்ளை அரைச் சுற்று, அதாவது 10 மில்லி செகண்ட், இல்லாமல் போனால் தாங்க வேண்டும் என்பதுதான் அது கேட்பது. பக்கத்து ஷெட்டில் பெரிய மோட்டாரை நேரடியாக ஸ்டார்ட் செய்தால் வழக்கமான கரண்டைப் போல ஆறு மடங்கு இழுக்கும், வோல்டேஜ் படுத்துக்கொள்ளும். மழையில் 11 கே.வி. லைனில் கிளை உரசினால் பிரேக்கர் விழுந்து மறுபடி ஏறும். நம் கண்ணுக்கு ஒரு சிமிட்டல். அந்தப் பெட்டிக்கு ஒரு யுகம். மோல்டு பாதியில் நிற்கும், பேரலில் உருகிய பிளாஸ்டிக் கருகும். பழைய மாடல்களில் மெமரி பேட்டரி செத்திருந்தால் புரோகிராமே காலி.

"ஸ்டெபிலைசர் இருக்கே" என்பார்கள். சர்வோ ஸ்டெபிலைசர் மோட்டாரைச் சுற்றித் திருத்துவதற்குள் சிமிட்டல் முடிந்து போயிருக்கும். "ஜெனரேட்டர் இருக்கே" என்பார்கள். அது கிளம்பவே சில செகண்ட் வேண்டும்.

"இன்சூரன்ஸ் இருக்கே?" இது எங்கள் ஏரியா. நாங்கள் கட்டாயப்படுத்தும் தீ விபத்து பாலிசியில், ஷார்ட் சர்க்யூட் மாதிரி மின்கோளாறால் அந்தக் கருவிக்கே வரும் சேதம் பொதுவாகச் சேராது. அதற்கு மெஷினரி பிரேக்டவுன் பாலிசி தனியாக எடுக்கணும். இதை எத்தனை மேனேஜர் கடன் வாங்குபவரிடம் சொல்கிறார்கள்? நான் சொன்னதில்லை.

முழு இயந்திரத்துக்கும் யூ.பி.எஸ். வைக்கச் சொல்லவில்லை. ஹீட்டரும் மோட்டாரும் நின்றால் நிற்கட்டும். கன்ட்ரோலர் மட்டும் விழித்திருந்தால் போதும். இயந்திரம் ஒழுங்காக நிற்கும், எங்கே நின்றது என்றும் தெரியும். அதற்குச் சில நூறு வாட்டே அதிகம். இன்னொன்று, கரண்ட் திரும்பியதும் இயந்திரம் தானாக ஓடக்கூடாது. ஆள் ரீசெட் பட்டனை அழுத்திய பிறகே ஓடணும். பாதி திறந்த மோல்டுக்குள் ஒருவர் கை இருக்கலாம். அந்தக் கைக்கு எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் மதிப்பு கிடையாது.

ஆகவே வங்கி அண்ணன்மார்களே, இது செலவு இல்லை. நாம் அடமானம் பிடித்த சொத்துக்குப் பூட்டு. பூட்டு இல்லாத வீட்டுக்கு நாம் கடன் கொடுப்போமா? இனிமேல் அந்த வரியை நான் அடிக்க மாட்டேன். கொட்டேஷனில் இல்லாவிட்டால், எங்கே என்று கேட்பேன்.

ஊரை விட்டு வந்து இங்கே ஃபேக்டரி வேலை பார்ப்பவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள்: பேனலுக்கு யூ.பி.எஸ். இருக்கா? எர்த் பிட்டைக் கடைசியாக எப்போது அளந்தார்கள்? ஃப்ரிட்ஜுக்கே ஸ்டெபிலைசர் வாங்கி வைக்கும் நமக்கு இது புரியாத விஷயம் இல்லை.